காத்திருந்த நாளின் கணக்கு

தேர்வு முடிவு, முதல் சம்பளம், கல்யாண முகூர்த்தம், பிள்ளைப்பேறு, புதுவீட்டில் பால் காய்ச்சும் நாள் என்று ஆவலோடு எதிர்நோக்கிய தருணங்கள் எல்லோர் வாழ்க்கையிலும் உண்டு. அப்படிப்பட்ட ஒவ்வொரு நாளுக்கும் மூளை மூன்று கணக்கு எழுதுகிறது. நாள் வருமுன் ஒன்று, நடக்கும்போது ஒன்று, எல்லாம் முடிந்து நினைத்துப் பார்க்கும்போது ஒன்று. மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம். போதாததற்கு, மூன்றாவதை எழுதும்போது முதலிரண்டையும் மூளை அடித்துத் திருத்திவிடுகிறது. திருத்திய தடயத்தையும் விட்டுவைப்பதில்லை. "நினைத்த மாதிரியே நடந்தது" என்று பல வருடம் கழித்து ஒருவர் மனநிறைவோடு சொன்னால், அதில் பெரும்பங்கு இந்தத் திருத்தத்தின் கைவண்ணமாக இருக்கலாம்.

முதல் கணக்கின் உடலியல் பெரும்பாலும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுற்றியது. 'மகிழ்ச்சி ஹார்மோன்' என்று நாளிதழ் இணைப்புகள் அதற்குச் சூட்டிய பட்டம் பொருத்தமில்லாதது. 1990களில் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர்க் பல்கலைக்கழகத்தில் வூல்ஃப்ராம் ஷூல்ட்ஸ், குரங்குகளின் நடுமூளையில் மெல்லிய மின்முனைகளைச் செலுத்தி, டோபமின் சுரக்கும் நரம்பணுக்களின் துடிப்பைப் பதிவுசெய்தார். குரங்கின் வாயில் எதிர்பாராமல் ஒரு சொட்டுப் பழச்சாறு விழுந்தால் நரம்பணு படபடவென்று துடித்தது. அடுத்து, சாறு வருவதற்குச் சற்று முன் ஒரு விளக்கு எரியும்படி ஏற்பாடு செய்யப்பட்டது. பலமுறை இப்படி நடந்து குரங்குக்குப் பழகியதும், விளக்கு எரிந்த உடனேயே நரம்பணு துடிக்கத் தொடங்கியது. சாறு வாயில் விழுந்தபோது அதனிடம் எந்தச் சலனமும் இல்லை. விளக்கை எரியவிட்டுச் சாற்றைத் தராமல் நிறுத்தியபோதுதான் ஆய்வின் மிக முக்கியமான பதிவு கிடைத்தது. சாறு வந்திருக்க வேண்டிய அந்த நொடியில் நரம்பணு தன் வழக்கமான துடிப்பைக்கூட நிறுத்தி அடங்கிப்போனது. வர வேண்டிய ஒன்று வராததை மூளை நேரம் தவறாமல் குறித்துக்கொண்டது.

1997இல் ஷூல்ட்ஸ், பீட்டர் தயான், ரீட் மான்டேகு மூவரும் 'சயன்ஸ்' இதழில் இதற்கு விளக்கம் தந்தார்கள். இந்த நரம்பணுக்கள் அளப்பது இன்பத்தை அல்ல, எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை. எதிர்பார்த்தது அப்படியே கிடைத்தால் வித்தியாசம் பூச்சியம். ஒரு சொட்டுச் சாற்றிலிருந்து ஒரு கல்யாணத்துக்குத் தாவுவது நெடுந்தாவல்தான். ஆனாலும் பெண் வீட்டார் சம்மதம் சொன்ன அன்று இருந்த துள்ளல் முகூர்த்த நேரத்தில் ஏன் இருப்பதில்லை என்று யோசிப்பவருக்கு இந்தக் குரங்கு ஒரு துப்புக் கொடுக்கிறது. புதுச்செய்தி வந்தது அன்றைக்கு. முகூர்த்தத்தன்று நடப்பது எல்லாருக்கும் முன்பே தெரிந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் இதை இன்னொரு பக்கத்திலிருந்து அணுகினார். இனிப்பு நாக்கில் பட்டால் எலி உதட்டை நக்கிக்கொள்ளும். கசப்புப் பட்டால் முகத்தைச் சுளிக்கும். டோபமின் ஏறக்குறைய முழுவதும் அழிக்கப்பட்ட எலிகள் தாமாக எழுந்துபோய் உணவைத் தேடவே இல்லை. விட்டால் பட்டினி கிடந்தே சாகும். ஆனால் வாயில் இனிப்பை ஊற்றினால் வழக்கம்போல உதட்டை நக்கின. ஆசைப்படுவதும் அனுபவிப்பதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள் என்று பெரிட்ஜ் முடிவுக்கு வந்தார். ஆசை எவ்வளவு பெரிதாக இருந்தது என்பது, கிடைத்த பிறகு எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு உத்தரவாதம் தராது.

மனிதர்களிடமும் இந்தப் பிளவைக் காண முடிந்தது. கனடாவின் மான்ட்ரியல் நகரில் வலோரி சலிம்பூர், ராபர்ட் சடோரே குழுவினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், கேட்டால் மெய்சிலிர்க்கும் இசையைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு வரும்படி பங்கேற்பாளர்களிடம் சொன்னார்கள். இசை உச்சத்தைத் தொட்டபோது நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற பகுதியில் டோபமின் வெளிப்பட்டது. ஆனால் அதற்குச் சில விநாடிகள் முன்பே, 'இதோ அந்த இடம் வரப்போகிறது' என்ற கட்டத்திலேயே, காடேட் என்ற வேறொரு பகுதியில் டோபமின் வெளிப்பட்டிருந்தது. தெரிந்த பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்பவர்கள் இந்த முன்கூட்டிய சிலிர்ப்புக்காகவும்தான் கேட்கிறார்கள் போலும்.

காத்திருப்பதற்கே ஒரு விலை உண்டு என்பதைப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் லோவென்ஸ்டீன் 1987இல் குறும்பான ஒரு கேள்வியால் அளந்தார். பிடித்த சினிமா நட்சத்திரத்திடமிருந்து ஒரு முத்தம் கிடைக்கும் என்றால் எவ்வளவு பணம் கொடுப்பீர்கள்? இப்போதே கிடைத்தால் எவ்வளவு, 3 மணி நேரத்தில், 24 மணி நேரத்தில், 3 நாளில், 1 வருடத்தில், 10 வருடத்தில் என்றால் எவ்வளவு? கிடைக்க வேண்டியது சீக்கிரம் கிடைத்தால் மதிப்பு அதிகம் என்பது பொருளாதாரப் பாடம். பதில் சொன்ன மாணவர்களோ 3 நாள் கழித்துக் கிடைக்கும் முத்தத்துக்குத்தான் அதிகமாகக் கொடுக்கத் தயாராக இருந்தார்கள். 3 நாள் நினைத்து நினைத்து மகிழலாம் அல்லவா? மின்னதிர்ச்சி தருவதாகச் சொன்னபோது கதை தலைகீழானது: தள்ளிப்போகும் அதிர்ச்சியைத் தவிர்க்கவே அதிகப் பணம் தர முன்வந்தார்கள். அச்சத்தோடு காத்திருப்பதும் ஒரு செலவுதான்.

நெதர்லாந்தில் யெரூன் நவெய்ன் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதைச் சுற்றுலாவில் சோதித்தது. பங்கேற்ற 1,530 பேரில் 974 பேர் விடுமுறைப் பயணம் போனவர்கள். போகாதவர்களைவிட இவர்கள் பயணத்துக்கு முந்தைய நாள்களில் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். திரும்பி வந்த பிறகோ இரு சாராருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மிகவும் ஓய்வாக விடுமுறையைக் கழித்ததாகச் சொன்னவர்களிடம் மட்டும் மகிழ்ச்சி கொஞ்ச காலம் தங்கியது. டிக்கெட் எடுத்த நாளிலிருந்து பெட்டி கட்டும் நாள்வரை உள்ள இன்பம் பயணத்தின் துணைக்கதை என்று நினைப்பவர்களுக்கு, அதுவே முக்கியக் கதையாக இருக்கக்கூடும் என்று இந்த ஆய்வு சொன்னது.

முடிவு தெரியாமல் காத்திருப்பது வேறு ரகம். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதியவர்கள் முடிவுக்காகச் சுமார் 4 மாதம் காத்திருக்க வேண்டும். கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர் அந்த மாதங்கள் முழுவதும் சட்டப் பட்டதாரிகளைப் பின்தொடர்ந்தார். கவலை தொடக்கத்தில் அதிகம், நடுவில் தணிந்தது, முடிவு நெருங்க நெருங்க மறுபடி ஏறியது. மனதைத் திசைதிருப்புவது, நல்லதையே நினைப்பது போன்ற உத்திகள் காத்திருப்பின் வேதனையைக் குறைக்க அநேகமாக உதவவில்லை. இதைவிட வியப்பு, முடிவு வந்த பிறகு தெரிந்தது. காத்திருந்த காலத்தில் தவியாய்த் தவித்தவர்கள் தோல்விச் செய்தியை அதிகம் உடையாமல் தாங்கிக்கொண்டார்கள். வெற்றிச் செய்தி வந்தபோது கூடுதலாகத் துள்ளினார்கள். 'நிச்சயம் பாஸ்தான்' என்று நிம்மதியாக இருந்தவர்களுக்கு வெற்றி பெரிய செய்தியாகவே படவில்லை. ஷூல்ட்ஸின் குரங்கு கற்றுத்தந்த அதே கழித்தல் கணக்கு இங்கேயும் வேலை செய்வது தெரிகிறது.

இனி, அந்த நாளே வந்துவிட்டால் என்ன நடக்கிறது? மனித வரலாற்றில் மிக நீண்ட காலம் காத்திருந்து எட்டப்பட்ட தருணங்களில் ஒன்று 1953 மே 29 காலை 11:30 மணிக்கு நிகழ்ந்தது. எவரெஸ்டுக்குப் பிரிட்டிஷ் குழுக்கள் 1921 முதல் படையெடுத்துத் தோற்றுக்கொண்டிருந்தன. டென்சிங் நோர்கே சுமைதூக்கியாக முதன்முதலில் எவரெஸ்ட் குழு ஒன்றில் சேர்ந்தது 1935இல்; 1952இல் சுவிஸ் குழுவோடு போய் உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே திரும்ப நேர்ந்தது. அப்படிக் காத்திருந்து எட்டிய உச்சியில் அவரும் எட்மண்ட் ஹிலாரியும் இருந்தது ஏறத்தாழ 15 நிமிடம். அங்கே முதலில் வந்தது நிம்மதி என்று ஹிலாரி எழுதியிருக்கிறார். இனிப் பனியில் கோடரியால் படி வெட்ட வேண்டாம், இன்னொரு முகடு எதிரே எழும்பி ஏமாற்றாது என்ற நிம்மதி. பிறகு டென்சிங்கைப் படம் எடுத்தார். 1924இல் அதே மலையில் காணாமற்போன மலையேறிகள் மல்லோரியும் இர்வினும் அங்கு வந்த தடயம் உண்டா என்று பார்த்தார். டென்சிங் பனியில் சிறு குழி தோண்டி பிஸ்கட், சாக்லேட் போன்றவற்றைக் காணிக்கையாக வைத்தார். ஆக்சிஜன் தீர்வதற்குள் இறங்க வேண்டும் என்ற கணக்கு ஹிலாரியின் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது.

உச்சக்கட்ட நாள்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: அலுவல்கள் நிறைந்தவை. முகூர்த்த நேரத்தில் ஹோமப் புகையில் கண் எரியும்; பட்டு வேட்டி இடுப்பில் நிற்காது; 'இந்தப் பக்கம் பாருங்க' என்று புகைப்படக்காரர் கூப்பிடுவார்; சமையற்கட்டில் சாம்பார் போதுமா என்ற கவலை பெண்ணைப் பெற்றவரை இழுக்கும். முன்கூட்டிக் கற்பனை செய்தபோது இவை எதுவும் படத்தில் இல்லை. ஹார்வர்டின் டேனியல் கில்பர்ட்டும் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டிமதி வில்சனும் 1990களிலிருந்து ஆராய்ந்துவருவது இந்தக் குறையைத்தான். வரப்போகும் நிகழ்ச்சியை நினைக்கும்போது மனம் அதை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கிறது; அதே நாளில் சூழ்ந்திருக்கும் மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறது. அவர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வில், தங்கள் கல்லூரி அணி வென்றால் எவ்வளவு நாள் மகிழ்ச்சி நீடிக்கும் என்று அமெரிக்கக் கால்பந்து ரசிகர்களிடம் கேட்டார்கள். ரசிகர்கள் சொன்னது நிஜத்தைவிட அதிகம். ஆனால் அந்த வாரத்தில் படிப்பு, சாப்பாடு, நண்பர் சந்திப்பு என்று என்னென்ன செய்வீர்கள் என முதலில் எழுதச் சொல்லிவிட்டுக் கேட்டபோது மிகைப்படுத்தல் குறைந்தது.

கல்யாணத்தையே நேராக அளந்த ஆய்வும் உண்டு. ஜெர்மனியில் 24,000க்கும் மேற்பட்டவர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து கேட்டுச் சேர்த்த தரவை ரிச்சர்ட் லூகாஸ், ஆண்ட்ரூ கிளார்க் முதலியோர் 2003இல் அலசினார்கள். திருமணத்தை ஒட்டி வாழ்க்கைத் திருப்தி ஏறியது. சில ஆண்டுகளில் சராசரியாகப் பழைய நிலைக்கே இறங்கியது. சராசரி என்ற சொல்லை இங்கே மறக்கக் கூடாது. ஏறியவர்கள் ஏறியே இருந்ததும் உண்டு, இறங்கியவர்கள் தொடக்கத்தைவிடக் கீழே போனதும் உண்டு. எல்லாரும் எதற்கும் பழகிப்போய்ப் பழைய இடத்துக்கே வந்துவிடுவார்கள் என்று 1970களில் பரவிய கருத்தை இந்தத் தரவு அப்படியே ஏற்கவிடவில்லை.

கிடைத்தது எதோடு ஒப்பிடப்படுகிறது என்பதும் அந்த நேரத்து மகிழ்ச்சியை மாற்றும். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை ஒலி இல்லாத காணொளியில் பார்த்து 10க்கு மதிப்பெண் போடச் சொன்னார் விக்டோரியா மெட்வெக். முடிவு தெரிந்த கணத்தில் வெள்ளி வென்றவர்களின் முகத்துக்குக் கிடைத்த சராசரி 4.8, வெண்கலம் வென்றவர்களுக்கு 7.1. மூன்றாமவர் 'பதக்கமே இல்லாமல் போயிருக்கும்' என்று நினைத்தார். இரண்டாமவர் தங்கத்தை நினைத்தார்.

மூன்றாவது கணக்குக்கு வந்தால் விதிகளே மாறிவிடுகின்றன. டேனியல் கானமன் குழுவினர் 1993இல் நடத்திய சோதனையில் பங்கேற்பாளர்கள் ஒரு கையை 14 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் 60 விநாடி வைத்திருந்தார்கள். கை விறைத்து வலிக்கும் குளிர் அது. பிறகு வேறொரு முறை மற்றக் கையை அதே நீரில் 60 விநாடி வைத்தார்கள். அதோடு எடுத்துவிடாமல் மேலும் 30 விநாடி வைத்திருக்க, அந்த நேரத்தில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு உயர்த்தப்பட்டது. அப்போதும் வலிதான், கொஞ்சம் குறைந்த வலி. மூன்றாவது தடவை இரண்டில் எதைத் திரும்பச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் 90 விநாடி முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடுதல் 30 விநாடி வலியை விரும்பி ஏற்றார்கள், முடிவு சற்று இதமாக இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. மூன்றாண்டு கழித்து மருத்துவர் டொனால்ட் ரெடல்மேயரோடு சேர்ந்து, பெருங்குடலை உள்நோக்கிக் கருவியால் சோதிக்கப்பட்ட நோயாளிகளிடமும் கானமன் இதையே கண்டார். சிலருக்குச் சோதனை 4 நிமிடத்தில் முடிந்தது, சிலருக்கு ஒரு மணி நேரத்தையும் தாண்டியது. எவ்வளவு நேரம் வலித்தது என்பது பிந்தைய நினைவை ஏறக்குறைய பாதிக்கவே இல்லை. அதிகமாக வலித்த கணமும் கடைசி நிமிடங்களும் சேர்ந்துதான் நினைவைத் தீர்மானித்தன.

இதைத் திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் அப்படியே பொருத்துவோர் உண்டு. பந்தியில் கடைசியாகப் பாயசம் நன்றாக இருந்தால் போதும் என்ற அளவுக்கு. அது அவசரம். உச்சமும் முடிவும் ஆளும் விதி நிமிடக் கணக்கிலான அனுபவங்களில் நன்றாக எடுபடுகிறது. நாள்கணக்கில் நீளும்போது தளர்ந்துவிடுகிறது. நியூசிலாந்தில் சைமன் கெம்ப் குழுவினர் 2008இல் மாணவர்களின் 7 நாள் விடுமுறையை ஆராய்ந்தபோது, விடுமுறை எப்படி இருந்தது என்ற பிந்தைய மதிப்பீட்டை அதன் கடைசி நாள் நன்றாகக் கணிக்கவில்லை. மறக்க முடியாத, அல்லது வழக்கத்துக்கு மாறான ஒரு நாள் எது என்று கேட்டு, அன்று இருந்த மகிழ்ச்சியை எடுத்துக்கொண்டால் கணிப்பு சரியாக வந்தது.

நினைவு பொதுவாக நல்ல பக்கம் சாயும். டெரன்ஸ் மிட்செலும் லீ தாம்ப்சனும் மற்றவர்களும் 1997இல் மூன்று குழுக்களைப் பயணத்துக்கு முன்னும் நடுவிலும் பின்னும் கேட்டார்கள்: 12 நாள் ஐரோப்பியச் சுற்றுலா போனவர்கள், நன்றிநாள் விடுமுறைக்குப் போன மாணவர்கள், கலிஃபோர்னியாவில் 3 வாரம் சைக்கிளில் சுற்றியவர்கள். போகுமுன் எதிர்பார்ப்பு அதிகம். போன இடத்தில் அலுப்பும் ஏமாற்றமும் எட்டிப்பார்த்தன. வீடு திரும்பியதும் சீக்கிரமே மதிப்பீடு மறுபடி உயர்ந்தது. கால் கடுத்ததும் மழையில் நனைந்ததும் கதையாகிவிட்டன. இந்தச் சாய்வுக்குப் பின்னால் ரிச்சர்ட் வாக்கர், ஜான் ஸ்கோவ்ரான்ஸ்கி போன்றோர் பல ஆண்டுகள் சேகரித்த சான்று இருக்கிறது: கசப்பான நிகழ்ச்சியின் உணர்ச்சி இனிப்பான நிகழ்ச்சியின் உணர்ச்சியைவிட வேகமாக மங்குகிறது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் இந்த வேறுபாடு குறைந்துவிடுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அவர்களுக்குப் பழைய நாள்கள் இனிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுவரை சொன்னவை அந்த நாளைப் பற்றிய நினைவு. அந்த நாளுக்கு முன்னால் இருந்த எதிர்பார்ப்பைப் பற்றிய நினைவு என்ன ஆகிறது? இந்தக் கேள்வியைக் கேட்கப் பலருக்குத் தோன்றவே இல்லை. டாம் மெய்விஸ், ரெபெக்கா ராட்னர், யொனதன் லவாவ் மூவரும் 2010இல் அதைக் கேட்டார்கள். அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டி, அதிபர் தேர்தல், முக்கியமான ஒரு பொருளை வாங்குவது, ஏன், மிட்டாய் தின்பதுகூட அவர்களின் சோதனைக்களம். முடிந்த பிறகு எப்படி உணர்வீர்கள் என்று முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொண்டார்கள். முடிந்ததும் இரண்டு கேள்வி: இப்போது எப்படி இருக்கிறது? முன்பு நீங்கள் என்ன கணித்தீர்கள்? முன்கணிப்பு தவறாகத்தான் இருந்தது. ஆனால் அது தவறியது பலருக்குத் தெரியவில்லை. இப்போது உணர்வதையே அன்றைக்கும் கணித்ததாக அவர்கள் நினைவுகூர்ந்தார்கள். தவறு செய்தது தெரியாதவர் எப்படித் திருத்திக்கொள்வார்? அடுத்த முறையும் அதே மிகையோடு கணித்தார்கள்.

அன்றைய உணர்ச்சியும் இதேபோல் இழுபடும். 1992 ஜூலையில் அமெரிக்க அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து ராஸ் பெரோ திடீரென விலகியபோது லிண்டா லெவைன் அவருடைய ஆதரவாளர்களிடம் உடனே கேட்டார்: எவ்வளவு சோகம், எவ்வளவு கோபம், எவ்வளவு நம்பிக்கை? நவம்பரில் தேர்தல் முடிந்ததும் அதே ஆள்களிடம் அன்று எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்டார். இடைப்பட்ட மாதங்களில் பெரோவைப் பற்றிய எண்ணம் எந்தப் பக்கம் மாறியிருந்ததோ, ஜூலை மாதச் சோகத்தின் நினைவும் அந்தப் பக்கமே நகர்ந்திருந்தது.

தெளிவாக நினைவிருக்கிறது என்ற உறுதி இதற்கெல்லாம் சாட்சி ஆகாது. சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, 1986 ஜனவரி 29இல், உல்ரிக் நைசர் எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் செய்தியை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டுக்குப் பிறகு 44 பேரிடம் மறுபடி கேட்டபோது பதில்களுக்கு 7க்குக் கிடைத்த சராசரி மதிப்பெண் 3கூட இல்லை. 11 பேருக்குப் பூச்சியம். அவர்களிடம் அவர்களுடைய சொந்தக் கையெழுத்தையே காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை. விபத்துச் செய்தி வந்த நாள் ஆவலோடு காத்திருந்த நாள் இல்லைதான். ஆனால் 'நேற்று நடந்ததுபோல இருக்கிறது' என்று சொல்லவைக்கும் உறுதி எதனால் ஆனது என்பதை இந்தச் சோதனையைவிட நன்றாகக் காட்டுவது எதுவும் இல்லை.

படம் எடுத்துவைத்தால் சரியாகிவிடுமா? ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் லிண்டா ஹெங்கல் 2014இல் மாணவர்களை ஓர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போய்ச் சில பொருள்களைப் பார்க்க மட்டும் சொன்னார், சிலவற்றைப் படமும் எடுக்கச் சொன்னார். மறுநாள் சோதித்தபோது படம் எடுத்தவற்றைப் பற்றித்தான் நினைவு குறைவு. ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கி எடுத்தவர்களுக்கு இந்த இழப்பு ஏற்படவில்லை. கேமராவைக் குறை சொல்வதைவிட, கவனத்தை அதனிடம் ஒப்படைத்துவிடுவதைக் குறை சொல்வதே பொருத்தம்.

ஒரு நாளைவிட்டு முழு வாழ்க்கையைப் பின்னோக்கிப் பார்க்கும்போது இன்னொரு கோணல் தெரியவருகிறது. நாற்பதைத் தாண்டியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால் சுமார் 10 வயது முதல் 30 வயது வரையிலான காலம் மற்றக் காலங்களைவிடப் பருத்து நிற்கும். 1986இல் டேவிட் ரூபின் முதலியோர் இதைத் தொகுத்துக் காட்டினார்கள். ஜப்பான், சீனா, வங்கதேசம், இங்கிலாந்து, அமெரிக்கா ஐந்திலும் இது இருப்பதை 2005இல் மார்ட்டின் கான்வே குழு உறுதிசெய்தது. அந்த வயதில் மூளை கூர்மையாக இருக்கிறது, எல்லாம் முதல்முறையாக நடக்கிறது, 'நான் யார்' என்பது அப்போதுதான் உருவாகிறது என்று மூன்று விளக்கங்கள் வழக்கத்தில் உண்டு. டென்மார்க்கின் டோர்த்தே பெர்ன்ட்சன் ரூபினோடு சேர்ந்து நான்காவது ஒன்றைக் கொண்டுவந்தார். 2002இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 20 முதல் 93 வயதுவரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட டேனிஷ் மக்கள், தங்கள் வாழ்வின் மிக மகிழ்ச்சியான நிகழ்ச்சி எப்போது நடந்தது, மிகத் துயரமானது எப்போது நடந்தது என்று சொன்னார்கள். மகிழ்ச்சியான நினைவுகள் இருபதுகளில் குவிந்தன. துயரமானவை எந்த வயதிலும் அப்படிக் குவியவில்லை. மூளையின் கூர்மைதான் காரணம் என்றால் துயரமும் அங்கே குவிந்திருக்க வேண்டுமே?

அவர்கள் சொன்ன காரணம் இது: எந்தெந்த நல்ல நிகழ்ச்சி எந்தெந்த வயதில் வர வேண்டும் என்று ஒவ்வொரு சமூகமும் ஒரு வாழ்க்கை வரைவை வைத்திருக்கிறது. படிப்பு, வேலை, கல்யாணம், குழந்தை எல்லாம் அந்த வரைவில் 15க்கும் 30க்கும் இடையில் அடைபட்டுக் கிடக்கின்றன. நம் ஊர்ச் சொந்தக்காரர்கள் 'அடுத்து என்ன?' என்று கேட்கும் கேள்விகளை வரிசையாக எழுதினாலே அந்த வரைவு கிடைத்துவிடும். துயரங்களுக்கு இப்படி ஒரு தேதி குறிக்கப்படுவதில்லை. நினைவு தேடிப் போகும்போது இந்த வரைவைப் பிடித்துக்கொண்டுதான் போகிறது. இதைச் சோதிக்க அன்னெட்டெ போனும் பெர்ன்ட்சனும் 2011இல் நேர்த்தியான ஒரு வழி கண்டார்கள். 10 முதல் 14 வயதுவரையிலான பள்ளிப் பிள்ளைகளிடம், இனி வாழப்போகும் வாழ்க்கைக் கதையை எழுதச் சொன்னார்கள். நடக்காத அந்த வாழ்க்கையிலும் நிகழ்ச்சிகள் இளமைப் பருவத்திலேயே குவிந்தன. முதியவர்கள் பின்னோக்கிப் பார்க்கும் மேடும் சிறுவர்கள் முன்னோக்கிப் பார்க்கும் மேடும் ஒரே இடத்தில் இருந்தன.

எதிர்பார்ப்பும் நினைவும் இப்படி ஒன்றின் மேல் ஒன்று படிவதற்கு மூளையின் அமைப்பிலேயே காரணம் இருக்கலாம். கே.சி. என்று ஆய்வுலகம் அறிந்த கனடா நாட்டவர் 1981இல் 30 வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் மூளை பாதிக்கப்பட்டார். செஸ் ஆடத் தெரிந்தது. பொது விஷயங்கள் தெரிந்தன. சொந்த வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்ச்சிகூட நினைவில் வரவில்லை. டொரன்டோவில் அவரை ஆராய்ந்த எண்டெல் டல்விங், நாளை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டபோது அதற்கும் அவரிடம் பதில் இல்லை. நேற்று எப்படி வெற்றாக இருந்ததோ நாளையும் அப்படியே வெற்றாக இருந்தது. 2007இல் டெமிஸ் ஹசாபிஸும் எலினார் மக்வயரும் லண்டனில் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப்பகுதி பழுதான நோயாளிகளிடம் வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதுபோலக் கற்பனை செய்யச் சொன்னார்கள். பெரும்பாலோர் சொன்னவை துண்டு துண்டாக இருந்தன. மணலும் வானமும் கடலும் ஓர் இடமாகக் கூடவில்லை. பழைய நிகழ்ச்சிகளின் துண்டுகளைக் கோத்துத்தான் மூளை வருங்காலத்தையும் கட்டுகிறது என்று டேனியல் ஷாக்டர், டோனா ரோஸ் அடிஸ் இருவரும் அதே ஆண்டில் முன்வைத்த கருத்துக்கு இவை வலு சேர்த்தன.

ஆயினும் வழக்கு முடிந்துவிடவில்லை. 2010இல் லாரி ஸ்குவயர் குழுவினர் ஹிப்போகாம்பஸ் பழுதான தங்கள் நோயாளிகளைச் சோதித்தபோது, அவர்களால் வருங்கால நிகழ்ச்சிகளை மற்றவர்களைப் போலவே விவரிக்க முடிந்தது. நோயாளிகளின் சேதம் ஹிப்போகாம்பஸோடு நின்றதா, அதைச் சுற்றியுள்ள புறணிக்கும் பரவியதா, கடந்தகால நினைவில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பவற்றை வைத்தே இரு தரப்பும் ஒன்றையொன்று மறுத்துவருகின்றன.